குழந்தைவேலுவின் பூங்கொத்து

சென்னிமலை அடிவாரத்தில், பேருந்து போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தெய்வானை அக்காவின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்று பெயர்தான். ஓட்டுக் கட்டடம் ஒன்று, சமையல்கட்டு ஒன்று, இரண்டு வேப்பமரம். அக்காவுக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. 'மாதாஜி' என்று யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன் வேலையைப் பார்ப்பார். அக்கா என்றால் திரும்புவார். அதனால் பேரன் பேத்தி எடுத்தவர்களும் அவரை அக்கா என்றார்கள். அவர் பதிலுக்கு அவர்களை அண்ணா என்றார். அதில் யாருக்கும் வயதுக் கணக்கு உதைக்கவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை அக்கா வாசலில் நின்று, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். முட்டி வலி, பாதித் தூக்கம், மருமகளோடு சண்டை என்று உள்ளதைச் சொன்னவர்கள் நேரே உள்ளே போய் உட்காரலாம். வாய்க்கு வந்தபடி 'நல்லா இருக்கேன்' என்றவர்கள் சமையல்கட்டுக்குப் போய்ச் சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். அந்த ஆசிரமத்துச் சாம்பார் சுற்றுவட்டாரத்தில் பேர்போனது என்றால் அதற்குக் காரணம் ஊரில் இத்தனை பேர் நன்றாக இருப்பதுதான்.

குழந்தைவேலு வந்த நாள் முதலாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். பெருந்துறையில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். யாருக்கு எப்போது பிறந்தநாள் என்பது அவருக்குத் தெரியும். செத்தால் யாருக்குப் பணம் போகும் என்பதும் தெரியும். "நல்லா இருக்கேனுங்க்கா" என்பது அவருக்குச் சிரிப்போடு சேர்ந்தே வருகிற தொழில்முறை வார்த்தை. அதைத் தனியே பிரித்தெடுக்க அவராலேயே முடியவில்லை.

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் சொல்லிவிட்டு முறத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஆனால் அன்று அவர் கண்ணில் வழிந்தது வெங்காயத்துக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். அக்கா வந்து எதிரில் உட்கார்ந்து, தானும் ஒரு வெங்காயத்தை எடுத்தார்.

"எப்படி இருக்கீங்கண்ணா?"

"நல்லா இல்லீங்க்கா" என்றார் குழந்தைவேலு.

சொன்ன பிறகு, மீதியும் மடை திறந்தாற்போல வந்தது.

பெருந்துறையில் அவருக்கு சென்னியப்பன் என்று ஒரு சினேகிதர். பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்தே வளர்ந்தவர்கள். சித்திரையில் சென்னியப்பனின் மனைவி ருக்குமணி இறந்துபோனார். முதல் ஆளாகப் போய் நின்றது குழந்தைவேலுதான். பந்தல் போட்டது, ஐஸ் பெட்டிக்குச் சொன்னது, சுடுகாட்டுக்கு நடந்தது எல்லாம் அவர்தான். கருமாதி முடியும்வரை அந்த வீட்டை விட்டு நகரவில்லை.

பிறகு ஆவணி வந்தது. ஒரு நாள் விடியற்காலையில் சென்னியப்பனின் போனுக்கு, சிவப்பு ரோஜாப் பூங்கொத்துப் படத்தோடு ஒரு செய்தி போனது. 'இனிய மணநாள் வாழ்த்துகள். இன்றுபோல் என்றும் இணைந்து வாழ்க. அன்புடன், குழந்தைவேலு.'

"நானுங்க்கா... நான் அனுப்பல. என்ற அக்கா மகன் போன்ல ஒரு ஏற்பாடு பண்ணிக் கொடுத்தான். எல்லாரோட நாளும் அதுல இருக்குது. அதுவே அனுப்பிரும். நான் தூங்கிட்டிருந்தேன்."

"அதை அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"எப்படிங்க்கா சொல்றது? இது நான் அனுப்பினதில்லைன்னா, இதுக்கு முந்தி வந்ததெல்லாம் யாரு அனுப்பினது? நாங்க எல்லாரும் மறந்தாலும் குழந்தைவேலு மறக்கமாட்டான்னு ஊரே சொல்லுதுங்க. அந்த ஒரு பேருதான் எனக்கு இருக்குது."

"அவர் என்ன பதில் போட்டாரு?"

"ரெண்டு கை கும்பிடற படம். அவ்வளவுதானுங்க."

அதற்கப்புறம் அவர் சென்னியப்பன் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஒரு தடவை சந்தையில் அவரைத் தூரத்தில் பார்த்து, வேண்டாத கருவாட்டுக் கடைக்குள் புகுந்து நின்றிருக்கிறார். குழந்தைவேலு சுத்த சைவம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது ராத்திரி படுக்கவே விடவில்லை.

"மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் வெச்சிருக்கேனுங்க" என்று போனை எடுத்தார். "எனக்கு எழுத வரல. போன்லயே கேட்டேன், அதுவே எழுதிக் கொடுத்துருச்சு. நல்லா இருக்குதான்னு பாருங்க."

அக்கா போனை வாங்கவில்லை. பின்கட்டில் பால் ஊற்றிக்கொண்டிருந்த பால்காரரைக் கூப்பிட்டார்.

"அய்யாவண்ணா, கொஞ்சம் இப்படி வாங்க. இந்த அண்ணன் ஒண்ணு படிக்கறாராம்."

அய்யாவு ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். குழந்தைவேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா சொன்னால் செய்ய வேண்டியதுதானே என்று படித்தார்.

"அன்பு நண்பரே, என் கவனக்குறைவான செயலால் தங்கள் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்பதை நான் ஆழமாக உணர்கிறேன். தங்கள் வேதனையை வார்த்தைகளால் அளக்க முடியாது. நம் உறவு எனக்கு விலைமதிப்பற்றது. தயைகூர்ந்து என்னை மன்னிக்க வேண்டுகிறேன்."

அய்யாவு தலையைக் குனிந்து முழுவதும் கேட்டார். அவர் முகம் இளகிவிட்டது.

"பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார். "நான் அதை அன்னைக்கே விட்டுட்டனுங்க. பால் கேன் கொஞ்சம் நெளிஞ்சுது, அவ்வளவுதான். இதுக்குப் போயி இவ்வளவு எழுதோணுங்களா?"

"எந்தக் கேனுங்க?" என்றார் குழந்தைவேலு.

"போன மாசம் உங்க காரைத் திருப்பறப்பத் தட்டுச்சே. நீங்க போன் பேசிட்டே போயிட்டீங்க. பரவாயில்லீங்க. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல." அவர் கும்பிட்டுவிட்டு, நிறைந்த மனத்தோடு பால் ஊற்றப் போனார்.

அக்கா வெங்காயத் தோலை ஊதித் தள்ளினார்.

"ஒருத்தர் மன்னிச்சாச்சு. இன்னும் ஒருத்தர்தான் பாக்கி."

"என்னங்க்கா இது, என்னை வெச்சு விளையாடறீங்க?"

"சென்னியப்பண்ணனுக்கு இப்ப யாரு சமைச்சுப் போடறாங்க?"

"தெரியலீங்க."

"ராத்திரி தூங்கறாரா?"

"தெரியலீங்க."

"வீட்ல தனியா இருக்காரா, பிள்ளைக யாராச்சும் கூட இருக்காங்களா?"

மூன்றாவது தடவையும் குழந்தைவேலு 'தெரியலீங்க' என்றார். எல்லார் வீட்டு விவரமும் விரல் நுனியில் வைத்திருக்கிற மனிதர்.

"கடிதத்தை எங்கிருந்து வேணும்னாலும் அனுப்பிரலாம்" என்றார் அக்கா. "இதையெல்லாம் கேட்டுட்டு வர ஒரு ஆள் போகோணும்ல?"

"என்னன்னு சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கறதுங்க்கா?"

அக்கா முறத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார். இனி அங்கே உட்கார்ந்திருந்தால் மறுபடியும் உரிக்கச் சொல்வார்கள் என்று குழந்தைவேலு எழுந்து காரை எடுத்தார். இந்தத் தடவை பின்னால் பார்த்துத் திருப்பினார்.

பெருந்துறை போகும் வழியெல்லாம் முதல் வார்த்தையை யோசித்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது ஒன்றுகூட மிச்சமில்லை. கதவு திறந்தே கிடந்தது. சமையலறையில் சென்னியப்பன் பனியனோடு நின்று, ஒரு குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூடி எப்படித் திருப்பினாலும் மாட்டவில்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

குழந்தைவேலுவைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டியா? இந்தா, இந்தக் காதைப் பிடி."

குழந்தைவேலு பிடித்தார். அவர் ஒரு பக்கம் இழுக்க, இவர் மறுபக்கம் திருப்ப, மூடி ஒருவழியாக உட்கார்ந்தது.

"பருப்புக்கு எத்தனை விசில்டா?"

"எனக்கெப்படிடா தெரியும்?"

"எனக்கும் தெரியாது. உள்ள அவ சமைப்பா. விசில் வந்தா, சாப்பாடு ஆச்சுன்னு எந்திரிச்சு வருவேன். எண்ணினதே இல்லை."

இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழந்தைவேலுவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சென்னியப்பா, அந்தப் பூங்கொத்தை நான் அனுப்பலடா. போன் தானா அனுப்பிருச்சு. இந்த வருசம் மட்டுமில்ல. எல்லா வருசமும் அதுதான் அனுப்பிச்சு. உனக்கு, ருக்குமணிக்கு, ஊருல எல்லாருக்கும். நான் ஒரு தடவைகூட நானா நினைச்சு அனுப்பினதில்லை."

"தெரியும்" என்றார் சென்னியப்பன்.

"என்ன தெரியும்?"

"ருக்குதான் முதல்ல கண்டுபிடிச்சா. குழந்தைவேலண்ணன் சுள்ளுனு வெயில் அடிச்சாத்தான் எந்திரிப்பாரு, வாழ்த்து மட்டும் கோழி கூப்பிட வருதேன்னு சிரிப்பா. ஒரு வருசம் எங்களுக்கும் என்ற மச்சானுக்கும் ஒரே பூ, ஒரே எழுத்து. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். பாதிப் பெருந்துறைக்குத் தெரியும்டா."

குழந்தைவேலுவுக்குக் காது சுட்டது. இத்தனை காலமாக ஊரே பார்க்க முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்பறம் ஏன்டா ஒருத்தரும் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவியே. காலங்காத்தால ஒரு பூ வருது, அதை எதுக்குக் கெடுக்கோணும்?"

முதல் விசில் அடித்தது. சென்னியப்பன் அதை ஒன்று என்று விரல் மடக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இந்த வருசம் அன்னைக்கி யாருமே கூப்பிடல. என்ற மககூட. கூப்பிட்டா அப்பன் அழுவான்னு நினைச்சிருப்பா. எல்லாரும் அப்படி ஒரு நாளே இல்லாத மாதிரி இருந்துட்டாங்க. இன்னைக்கு உனக்கும் ருக்குவுக்கும் கல்யாண நாளுன்னு சொன்னது உன்ற போன் ஒண்ணுதான்டா. பார்த்ததும் அழுதேன். அப்பறம், அவ இருந்து இதைப் பார்த்திருந்தா எப்படிச் சிரிச்சிருப்பான்னு நினைச்சேன். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு."

"மன்னிச்சுக்கடா."

"அதுக்கு எதுக்கு மன்னிப்பு? விசயம் தெரிஞ்சதும் இந்தக் கழுதை எப்படியும் பதறிட்டு ஓடி வருவான்னு, உனக்கும் சேர்த்து எச்சாப் பால் வாங்கி வெச்சுட்டு நாள் பூரா உக்காந்திருந்தேன்." சென்னியப்பன் முதல் தடவையாக அவரை நேரே பார்த்தார். "நீ வரல. அதுதான்டா வலிச்சுது."

குழந்தைவேலு அழுதார். தொழில் செய்கிற காலத்தில் எத்தனையோ சாவு வீடுகளில் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பழகியவர், இப்போது முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மூக்குச் சிந்தி அழுதார். சென்னியப்பன் அவர் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் விசில் எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் கணக்குத் தப்பிவிட்டது. பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் மணத்தது. அதையே சோற்றில் போட்டு, ஊறுகாய் தொட்டுக்கொண்டு, இருவரும் வழித்துச் சாப்பிட்டார்கள். ருக்குமணி செய்யும் பருப்பு எப்படி இருக்கும் என்று சென்னியப்பன் சொல்லச் சொல்ல, குழந்தைவேலு கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான். வீடு திரும்பிப் படுத்ததும் தூங்கிப்போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"எப்படி இருக்கீங்கண்ணா?"

"லேசா இருக்குதுங்க்கா. கூடவே வெக்கமாவும் இருக்குது."

"உள்ள வாங்க."

குழந்தைவேலு உள்ளே போகவில்லை. பெருந்துறையில் நடந்ததை வாசலிலேயே ஒன்று விடாமல் சொன்னார். வியாழக்கிழமை மறுபடியும் போனதையும், அன்றைக்குப் பருப்பு வேகவே இல்லை என்பதையும் சொன்னார். சொல்லிவிட்டுப் போனை எடுத்து நீட்டினார்.

"இந்த ஏற்பாட்டை எடுத்துரட்டுங்களா? பொய்தானுங்களே இது?"

"அடுத்தது யாருக்குப் போகுது?"

அவர் விரலால் தள்ளிப் பார்த்தார். "நாளைக்குங்க. திண்டல்ல ஒரு டீச்சரம்மாவுக்குப் பிறந்தநாள். பாலிசி எடுத்தப்பப் பார்த்தது. முகம்கூட ஞாபகமில்லீங்க."

அக்கா அந்தப் பூங்கொத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அது முன்னால போகட்டும்ண்ணா. நீங்க பின்னாலேயே நேர்ல போயி நில்லுங்க."