டீசல் குடிக்கிற வண்டியும் நையாண்டி மேளமும்

"தாயி, என் வண்டி மொடாக்குடியன் மாதிரி டீசல் குடிக்குது. நீதான் ஒரு வழி சொல்லணும்."

பாவூர்சத்திரம் மார்க்கெட் வாசல்ல, அம்பது வயசு ஆவுடையப்பன் முப்பது வயசு சவரியம்மாள் முன்னால கைகட்டி நின்னார். ஸ்டாண்டுல இருந்த டிரைவர்மாருக்கெல்லாம் ஒரே சிரிப்பு.

சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அவர் பாடு அவருக்கு.

ரெண்டு பேருக்கும் ஒரே மாடல் பிக்கப். ஏத்துறதும் அதே தக்காளி. ஆனா அவ ஒரு டேங்க் அடிக்கிற எடத்துல இவர் ஒண்ணரை அடிக்கணும். ஸ்டாண்டுல அவளுக்கு 'மைலேஜ் சாமியார்'னே பேரு. பேச்சும் சாமியார் பேச்சுதான், வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க, அண்ணாச்சி?"

"என்னத்தச் செய்யல? பில்டர் மாத்தியாச்சு. டயருக்குக் காத்து புடிச்சாச்சு. இறக்கத்துல நியூட்ரல்ல உருட்டியாச்சு. எலுமிச்சம்பழமும் கட்டியாச்சு!"

"சரி."

"சரியா? நாளைக்கு வண்டியப் புரோக்கர்கிட்டக் கொண்டு காட்டணும். வித்துத் தொலைங்கன்னு வீட்டுல என் பொஞ்சாதி கோமு ஒத்தக்கால்ல நிக்கா. இந்த வண்டி போச்சுன்னா நான் மனுசனாவே இருக்க மாட்டேன் தாயி."



சவரியம்மாள் பானெட்டைத் தொறக்கல. இன்ஜின் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. எதுத்தாப்புல வேப்பமரத்தடியில ஒரு நையாண்டி மேளம் செட்டு வண்டிக்குக் காத்து நின்னுச்சு. சங்கரன்கோவில் தாண்டி ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகணுமாம். அவங்களக் கை காட்டினா.

"ஏத்துங்க."

"பெறவு?"

"வழியெல்லாம் வாசிச்சுக்கிட்டே வரட்டும். தாளம் தப்பாமக் கொண்டு சேருங்க."

"டீசலைக் கேட்டா மேளத்தைக் காட்டுறியே!"

அவ முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டா. பெட்ரோல் பங்குல டேங்கைக் கழுத்து வரைக்கும் ரொப்பிக்கிட்டுக் கிளம்பினாங்க.

பின்னால தவில் பிளந்து கட்டுச்சு. நாதஸ்வரம் ஏறி ஏறிப் போச்சு. ஆவுடையப்பனுக்கு உற்சாகம் தாங்கல, மிதிச்சார் ஆக்சிலேட்டரை. முன்னால ஒரு பஸ். அதோட வாலைப் புடிச்சுட்டு, ஒரே பிரேக்.

டமார்.

தவில் உருண்டு பம்பைக்காரர் மடியில விழுந்துச்சு. நாதஸ்வரக்காரர் சண்முகவேல் வாயைப் பொத்திக்கிட்டுக் கத்தினார். "யோவ்! சீவாளி பல்லுல குத்திட்டுய்யா! வண்டியா ஓட்டுத, மாடா மேய்க்க?"

"ஒழுங்காத் தாளம் போடத் தெரியல, என்னையச் சொல்ல வந்துட்டாரு" என்று முணுமுணுத்தார் ஆவுடையப்பன்.

சவரியம்மாள் வெளியே பாத்துக்கிட்டிருந்தா.

மறுபடியும் மேளம். மறுபடியும் ஒரு வேகத்தடை, ஒரு பிரேக். மறுபடியும் வசவு. இந்தத் தடவை அவரோட அம்மா வரைக்கும் இழுத்துட்டாங்க.

அவருக்கு ரோசம் வந்துட்டு. ஏ, இந்த மேளத்துக்கு நான் தோக்கவா? காதைப் பின்னால வச்சு, கண்ணைத் தூரத்துல போட்டார்.

அங்க, தூரத்துல, ரோட்டை மறிச்சு ஒரு ஆட்டு மந்தை.

மத்த நாளா இருந்தா ஆட்டு மூக்கு வரைக்கும் போய் ஹாரனை அலற விட்டிருப்பார். இப்போ பின்னால தவில் ஒரே சீராப் போய்க்கிட்டிருக்கு. கால் தன்னால ஆக்சிலேட்டரை விட்டுச்சு. வண்டி கியர்லயே மெதுவா உருண்டுச்சு. கிட்டப் போறதுக்குள்ள கடைசி ஆடும் ரோட்டைத் தாண்டிட்டு.

பிரேக்கைத் தொடவே இல்ல. தாளமும் தப்பல.

"ஆஹா!" பின்னாலருந்து சண்முகவேல் குரல். "அப்படி ஓட்டுங்க அண்ணாச்சி!"

அம்மாடி! அதுக்கப்புறம் பாக்கணுமே அவர! வளைவுக்கு முன்னாலயே கால் இறங்குது, ஏத்தத்துக்கு அளவா ஏறுது. பின்னால மேளம் கொண்டாடுது. தோட்டத்துல களை எடுத்த பொம்பளைங்க நிமிந்து நின்னு கையசைக்காங்க. இத்தன வருசமா இதே ரோட்டுல போயும் இந்த ரோட்டை அவர் இப்பத்தான் பாக்கார்.

கொடைக்கார ஊரு வாசல்ல ஒரு பங்கு. டேங்கை ரொப்பச் சொன்னார். டீசல் சட்டுனு கழுத்துக்கு வந்து நின்னுட்டு.

"அடிங்கய்யா, இன்னும் புடிக்கும்."

"டேங்க் நிறைஞ்சுட்டு" என்றான் பங்குப் பையன்.

"உங்க பம்புதான் கோளாறு!"

"குனிஞ்சு பாருங்க அண்ணாச்சி."

குனிஞ்சு பாத்தார். டீசல் பளபளன்னு வாய் வரைக்கும் நின்னுச்சு. அவ்வளவுதான், மனுசன் பங்குலயே குதிக்க ஆரம்பிச்சுட்டார். சண்முகவேல் அதுக்கும் ஒரு பாட்டை எடுத்து விட்டார்.

குதிச்சு முடிச்சதும்தான் பயம் புடிச்சுக்கிட்டு.

"தாயி, நாளையில இருந்து தக்காளிதானே ஏத்துவேன்? மேளத்துக்கு நான் எங்க போவேன்?"

சவரியம்மாள் சன்னலுக்கு மேல இருந்த கைப்பிடியைத் தொட்டுக் காட்டினா.

"உங்க வண்டியில மதினி ஏறுனா, கையை எங்க வைப்பாங்க?"

"அதுலதான். உடும்புப் பிடி. இறங்குற வரைக்கும் விட மாட்டா."

அவ சிரிச்சுட்டு, கொடை பாக்க இறங்கிப் போயிட்டா.

மறுநாள் காலையில, புரோக்கர்கிட்டப் போகக் கோமு வண்டியில ஏறினா. ஏறினதும் கை கைப்பிடிக்குப் போச்சு, கண்ணு டீசல் முள்ளுக்குப் போச்சு. ராத்திரி அவர் சொன்ன மேளக் கதை எதையும் அவ நம்பல.

ஆவுடையப்பன் தூரத்தையும் பாத்தார், அந்தக் கையையும் பாத்தார்.

ரயில்வே கேட் வந்துச்சு, கை இறுக்கமா இருந்துச்சு. சந்தைக் கூட்டம் வந்துச்சு, விரல் ரெண்டு விட்டுச்சு. பாலம் தாண்டும்போது அந்தக் கை கோமு மடியில கெடந்துச்சு. அவ கண்ணு மூடியிருந்துச்சு.

தாலி கட்டின நாள்ல இருந்து அவ அவர் வண்டியில தூங்கினதில்ல.

புரோக்கர் கடைக்குத் திரும்புற முக்கு தெரிஞ்சுது. அவருக்கு நெஞ்சு தவிலா அடிச்சுது. கால் ஆக்சிலேட்டரை விட்டுச்சு. கை இன்டிகேட்டருக்குப் போச்சு.

"எதுக்கு?" என்றாள் கோமு, கண்ணைத் தொறக்காம. "நேராப் போங்க."