கும்பினி என்ற சொல்

பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். கடலோரப் பட்டணத்தில் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், துரை ஒருவர், லத்தீன் படித்தவர், மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே எதிரே நின்ற நெசவாளர்களிடம் சொன்னார்: "கப்பல் புறப்படுவதற்குள் இரண்டு மடங்கு துணி வேண்டும்."

"வயித்துல ஒண்ணுமில்லாம தறியில கை ஓடல, தொரைகளே" என்றாள் அவர்களோடு நின்ற, நூல் நூற்கும் குப்பாயி.

துரைக்குக் கோபம் வந்தது. "கும்பினி என்ற சொல் எங்கே பிறந்தது தெரியுமா? லத்தீனில் கும் என்றால் கூட, பானிஸ் என்றால் ரொட்டி. ஒன்றாக ரொட்டி தின்கிறவர்கள்! பிரெஞ்சு, போர்த்துகீஸ், இத்தாலி எல்லாவற்றிலும் இதே சொல்தான் உலவுகிறது. நீங்களும் கும்பினி ஆட்கள். கும்பினிக்கு அவசரம் என்றால் மறுக்கலாமா?"

"நாங்களுமா?"

"நீங்களும்தான்!"

குப்பாயி வாசலில் நின்ற பிள்ளைகளைக் கையசைத்துக் கூப்பிட்டாள். எல்லாரும் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"என்ன அக்கிரமம் இது! எழுந்திருங்கள்!"

"சாப்பிட உக்காந்தவங்கள எழுப்புறது எங்க ஊர்ல பாவம், தொரைகளே. லத்தீன்ல எப்படி?"

குப்பாயி ரொட்டியை எடுத்துப் பிட்டாள். முதல் துண்டைத் துரையின் தட்டில் வைத்தாள்.