அலசாத டம்ளர்

"நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?"

கேட்டுக்கொண்டே செங்கமலம் நெய்ச் சட்டியில் பாத்திர சோப்பை மளமளவென்று ஊற்றினாள். நாலு நாள் தங்க வந்திருந்த ஆசிரமத்தில் அன்றைக்கு அவளுக்குச் சமையலறை வேலை.

ஆசிரமத் தலைவி அவளைவிடப் பத்து வயது இளையவர். வயதில் மூத்தவர்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன ஆச்சுக்கா?"

"என் மகனும் மருமகளும் பிரிஞ்சு போக இருந்தாங்க. நான்தான் அவங்க வீட்லயே தங்கி, அவன் சொன்னத இவகிட்டயும் இவ சொன்னத அவன்கிட்டயும் பக்குவமாச் சொல்லிச் சேத்து வச்சேன். இப்ப, 'இனிமே நாங்களே பேசிக்கிறோம்மா, நீங்க ஊருக்குப் போங்க'ங்கறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்றாங்க!"

குரல் உடைந்தது. பெற்றவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும்?

"நாளைக்கு அங்கதான் திரும்பப் போறேன். எனக்கு அந்த வீட்ல இடமில்லையா?"

தலைவி சட்டியைப் பார்த்தார். நுரை விளிம்பு தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

"வெறும் தண்ணியில நெய் போகாதாக்கா?"

"எப்படிப் போகும்? ரெண்டும் ஒட்டாதே. சோப்பு வேணும்."

"ஆமா. சோப்பு ஒரு கையால நெய்யப் பிடிச்சுக்கும், இன்னொரு கையால தண்ணியப் பிடிச்சுக்கும். ஆனா இவ்வளவு எதுக்கு? நெய்ய வழிச்சுப் போட்டுட்டு, ஈர நார்ல ஒரு சொட்டு விட்டாப் போதும். நுரை பொங்கினா சுத்தம்னு அர்த்தமில்ல."

செங்கமலம் சட்டியை அழுத்தித் தேய்த்தாள். சோப்பைப் பற்றிக் கேட்கவா அவள் வந்தாள்?

அவள் கழுவிக் கவிழ்த்த டம்ளர்களில் ஒன்றை எடுத்து, தலைவி அதில் மோர் ஊற்றிக் கொடுத்தார்.

ஒரு வாய் குடித்ததும் செங்கமலம் முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குதும்மா."

"டம்ளர் அழுக்கா இருக்கா?"

"இல்லியே, பளிச்சுன்னு இருக்கு."

"பின்ன?"

"சோப்பு போகல."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

தலைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செங்கமலம் மோரைக் கொட்டிவிட்டு டம்ளரைக் குழாயடியில் பிடித்தாள். நுரை வழிந்து போனது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். இன்னும் வழுக்கியது. மறுபடி அலசினாள். அழுகையும் வந்தது, அதற்காகக் கையை நிறுத்தவில்லை.

வழுக்கல் நின்றதும் குழாயை மூடினாள்.

"அம்மா, நாளைக்குக் காலையில பஸ் எத்தனை மணிக்கு?"

"மகன் வீட்டுக்காக்கா?"

செங்கமலம் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"என் வீட்டுக்கு."