சாம்பாரைப் பிரித்த சகோதரர்கள்

ராசிபுரத்து மாசிலாமணி தொண்ணூற்றெட்டுக் கிலோ ஆள். ஆனால் ஊசியைக் கண்டால் குழந்தை மாதிரி நடுங்குவார். அவரிடம் போய் டாக்டர், "ஒரு மாசத்துல அஞ்சு கிலோ குறையணும். இல்லேன்னா தினமும் இன்சுலின் ஊசிதான்" என்று சொல்லிவிட்டார்.

உணவு ஆலோசனை சொல்லும் அம்மா தைரியம் சொன்னார். "வீட்ல சமைக்கிறதை ஒவ்வொரு பொருளாப் பிரிச்சுக் கலோரி கணக்குப் போடுங்க, போதும்."

"பிரிச்சுத்தானே மேடம்?" என்று மூன்று தரம் கேட்டுக்கொண்டு மாசிலாமணி வீடு வந்தார். தம்பிகள் திருமேனியும் பொன்னம்பலமும் சாம்பாரைக் கொதிக்கவைத்து இறக்கியிருந்தார்கள். மூவருக்கும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

பழைய வேட்டியை விரித்து சாம்பாரை ஊற்றினார்கள். முருங்கைக்காய் ஒரு பக்கம், கத்தரிக்காய் ஒரு பக்கம். கடுகு நூற்றுப் பதினேழு.

"பருப்பு எங்கடா?"

"கரைஞ்சு போச்சுண்ணே."

"கரைஞ்சு எங்க போயிடும்? வேட்டியைப் பிழி!"

பிழிந்தார்கள்.

"எண்ணெய்?"

"என் கையில ஒட்டிக்கிச்சு" என்றான் திருமேனி.

"அப்ப கையைத் தராசுல வை."

முந்நூறு கிராம் காட்டியது. இவ்வளவு எண்ணெயா! மாசிலாமணிக்கு இப்போதே ஊசி குத்தியதுபோல் புஜம் வலித்தது. அந்த அம்மாவுக்கே போன் போட்டார்.

"மேடம், எல்லாத்தையும் பிரிச்சாச்சு. தண்ணிக்கு எத்தனை கலோரி?"

"தண்ணிக்குப் பூஜ்யங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

பொன்னம்பலம் எட்டாம் வகுப்புக் கணக்கில் இரண்டாம் முயற்சியிலேயே தேறியவன். எழுந்து நின்றான்.

"அண்ணே, பூஜ்யத்தால எதைப் பெருக்கினாலும்?"

"பூஜ்யம்."

"சாம்பார்ல தண்ணி இருக்கா?"

மாசிலாமணி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர் தெளிக்காமல் எதையும் தின்பதில்லை. நெய் ரோஸ்ட் மேல் இரண்டு சொட்டு. மைசூர்பாகு மேல் நாலு சொட்டு, அதில் நெய் ஜாஸ்தி அல்லவா? ஆசை தீர, பயமில்லாமல் சாப்பிட்டார்கள்.

மாதம் முடிந்தது. தம்பிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் எடை மெஷினில் மாசிலாமணி ஏறினார். நூற்றாறு. டாக்டர் ஊசிச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

மாசிலாமணி மெஷினை விட்டு இறங்காமலே தம்பிகள் பக்கம் திரும்பினார். "டேய்!" என்றார்.

தம்பிகள் ஓடிப்போய் ஆளுக்கொரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து அண்ணன் தலையில் கவிழ்த்தார்கள். மெஷினுக்குள் தண்ணீர் போய் கிர்ரென்று ஒரு சத்தம். எண்கள் துள்ளின, அணைந்தன, மறுபடி எரிந்தன.

பூஜ்யம்.

சொட்டச் சொட்ட நின்ற மாசிலாமணி பணிவாகக் கேட்டார்: "ஆளே இல்லாத இடத்துல ஊசியை எங்க டாக்டர் குத்துவீங்க?"