வேங்கைக்காக வைத வேலாத்தாள்

பூங்கரட்டு முருகனுக்கு அடியார்களுக்குப் பஞ்சமில்லை. கார் வாங்கியவர் எலுமிச்சம்பழத்தோடு வருவார். வழக்கில் வென்றவர் மொட்டை போட வருவார். விடிந்ததும் விளக்குமாற்றோடு வந்தவர் வேலாத்தாள் அம்மையார் ஒருவரே. கணவரை இழந்தவர், பிள்ளையும் இல்லை. மலைப்படிகளைக் கூட்டிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் தொடங்கும் அரசாங்கக் காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்கிக் கட்டி, அடிவாரத்து டீக்கடைக்குப் போடுவார். பச்சைக் கிளையில் அவர் கை வைத்ததில்லை.

அதிலும் வேங்கை என்றால் அது அவருக்கு மரமே அல்ல. வள்ளியைத் தேடித் தினைப்புனத்துக்கு வந்த முருகன், வேடர்களைக் கண்டதும் வேங்கை மரமாகி நின்றான் என்ற கதைக்கு நாமெல்லாம் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறோம். அம்மையார் அதை அப்படியே நம்பினார். விறகுச் சுமையோடு வரும்போதும் வேங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போவார். "சாமி நிக்குது. இடிச்சுப்போட்டுப் போறதா?" என்பார்.

அந்தக் காட்டில் புயலில் சாய்ந்த மரங்களையும் பட்ட மரங்களையும் எடுத்துக்கொள்ள அர்த்தநாரி என்ற காண்ட்ராக்டர் உத்தரவு வாங்கி வந்தான். அவனுக்கு மரியாதை விகுதி போட எனக்கு மனம் வரவில்லை. உத்தரவு வாங்கியது பட்ட மரத்துக்கு. வெட்டிச் சாய்த்ததோ பச்சை வேங்கையை. காவல் காக்க வேண்டியவர்களே லாரிக்கு வழி காட்டினார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் அழுவது?

ஒருநாள் காலையில் அம்மையார் போனபோது, முந்தின நாள் வணங்கிய வேங்கை நின்ற இடத்தில் அடிக்கட்டை மட்டும் இருந்தது. பச்சை வேங்கையை வெட்டினால் சிவப்பாகப் பால் வடியும். பார்ப்பதற்கு இரத்தம்தான். அம்மையார் தம் வெள்ளைச் சேலையின் முந்தானையைக் கிழித்து அந்தக் காயத்தில் ஒற்றி எடுத்தார். அன்று முதல் மரம் விழுந்த இடமெல்லாம் தேடிப் போய் ஒற்றினார். அந்தந்த மரத்தின் இலைக்கொத்தைத் துணியோடு சேர்த்து முடிந்துவைத்தார். நாளாக ஆக முந்தானை தோளுக்கு எட்டாமல் போயிற்று.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வன அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்தாம்மா, அவங்க பட்ட மரத்தைத்தான் எடுக்கிறாங்க. பர்மிட் இருக்கு."

"பட்ட மரத்துல ரத்தம் வருமுங்களா, சாமி?"

அதற்கு அவர் அபராதப் புத்தகத்தை எடுத்தார். காட்டில் விறகு பொறுக்கிய குற்றத்துக்காக அம்மையார் மேல் வழக்கு எழுதினார். லாரி லாரியாகப் போனது கண்ணில் படவில்லை, தலைச்சுமைச் சுள்ளி பட்டுவிட்டது! அவமானம் தாங்கி, மூட்டையோடு அம்மையார் திரும்பி வந்தார்.

ஊர் கேட்டிருக்கலாம். அர்த்தநாரி அதற்கும் வழி வைத்திருந்தான். வெட்டிய வேங்கையில் ஒரு பங்கைக் கொடுத்து முருகனுக்குப் புதுத் தேர் செய்து தருவதாகச் சொன்னான். உடனே ஊர் வாய் அடைத்துப்போயிற்று. தர்மகர்த்தா நல்லதம்பி அவனுக்குப் பரிவட்டம் கட்டினார். "சாமிக்குத் தேர் வேண்டாங்கற பக்தையைப் பாருங்கடா" என்று அம்மையாரைப் பார்த்துச் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் விறகு வேண்டாம் என்றார். கடைசியில் தர்மகர்த்தா விளக்குமாற்றையும் பிடுங்கிக்கொண்டார். பட்டினியைப் பொறுத்த அம்மையாரால் அதை மட்டும் பொறுக்க முடியவில்லை. கோயில் வாசலில் நின்று முருகனைப் பார்த்துக் கத்தினார்.

"உன்னையே வெட்டி உனக்கே தேர் செய்யறானுக. பன்னெண்டு கண்ணு இருந்து என்னடா பிரயோசனம்?"

தேர் வேலை தொடங்கும் நாள் வந்தது. மலைச்சரிவில் மிச்சமிருந்த வேங்கைக் கூட்டத்தையும் தேரின் பேரைச் சொல்லிச் சாய்க்க ஆட்கள் ரம்பத்தோடு காத்திருந்தார்கள். நாதஸ்வரம் முழங்கியது. கூட்டத்தின் பின்னாலிருந்து அம்மையார் கேட்டார்.

"ஏனுங், எல்லாஞ் சரி. சாமிகிட்டப் பூக் கேட்டீங்களா?"

நாதஸ்வரம் நின்றது. கல்யாணம் என்றாலும் கிணறு வெட்டுவதென்றாலும் அந்த மலையில் பூக் கேட்காமல் யாரும் தொடங்குவதில்லை. சாமியின் இரு தோளிலும் பூ வைத்து வேண்டுவார்கள். வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு. இலவசத் தேர் கண்ணை மறைத்ததில், தேருக்கு உடையவனைக் கேட்கவே அத்தனை பேரும் மறந்திருந்தார்கள்.

பூசாரி பூ வைத்து, "இந்த மரத்துல தேர் செய்ய உத்தரவா, சாமி?" என்று வேண்டினார். இடப்பக்கப் பூ விழுந்தது.

"காத்துல விழுந்திருக்கும். மறுபடி வைங்க, பூசாரி" என்றான் அர்த்தநாரி.

மறுபடியும் வைத்தார். மறுபடியும் இடப்பக்கமே விழுந்தது. பூசாரி யாரும் சொல்லாமலே மூன்றாம் முறை பூ வைத்து, "அப்படீன்னா வேலாத்தா சொல்றதுதான் நெசமா, அப்பனே?" என்று கேட்டார். கேட்டு வாய் மூடவில்லை, வலப்பக்கப் பூ உதிர்ந்தது.

முதல் மரியாதை தமக்கே என்று தர்மகர்த்தா பழக்கத்தில் கையை நீட்டினார். பூசாரி அவரைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி வந்து, அந்தப் பூவை அம்மையாரின் கையில் வைத்தார்.

ஊரே லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. மேலதிகாரிகள் வந்தார்கள், அடிக்கட்டைகளைப் பார்த்தார்கள், அர்த்தநாரியை ஜீப்பில் ஏற்றினார்கள். சரிவில் இருந்த வேங்கைகள் பிழைத்தன. அம்மையார் மட்டும் பூவைக் கையில் வைத்துக்கொண்டு கருவறைக்கு நேரே நின்றார். அவர் கும்பிடவில்லை.

"அத்தனை மரம் போன பொறவுதான் உனக்கு வாய் வந்துச்சா?" என்றார். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

முருகன் அதற்கு என்ன சொல்ல முடியும்? தப்பு செய்தவன் சாமியே ஆனாலும் நேருக்கு நேர் கேட்கிற ஓர் அடியாரைப் பெற்றது, பூங்கரட்டு முருகன் செய்த புண்ணியம்.