புளியடி வீட்டுக் கட்டை

வாருங்கள், உட்காருங்கள். பெரியவர்கள் எழுந்து போக வேண்டாம். சின்னவர்களுக்குச் சொல்லுகிற கதைதான், ஆனால் இதில் தப்புச் செய்தவன் பெரியவன்.

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவு. ராசா எங்கேயோ மலைக்கு அப்பால் இருந்தான், அவனை விடுங்கள். தீவின் கீழ்க்கரையில், ஆற்றோரத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் ராசாவைக் கண்டு வழிவிட்டவர் யாருமில்லை, யானையைக் கண்டு வழிவிடாதவரும் யாருமில்லை. வாசல் கூட்டப் போனால் பாம்பு கிடக்கும். கிழங்குத் தோட்டத்தில் பன்றி நிற்கும். விறகுக்குப் போனால் கரடி எதிரே வரும். இத்தனைக்கும் நடுவில்தான் அந்தச் சனங்கள் சமைத்தார்கள், கலியாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள்.

அவர்கள் எல்லாவற்றுக்கும் பழகியிருந்தார்கள், ஒன்றைத் தவிர. ஆற்று முதலை. அதற்குச் சத்தமில்லை. கண்ணில் படுகிறபோது காலம் கடந்திருக்கும்.

அதனால் ஆற்றின் துறையில் ஓர் அடைப்புக் கட்டியிருந்தார்கள். தண்ணீருக்குள் வளைவாக, நெருக்கி நெருக்கிப் பாலை மரத்துக் கட்டைகளை நட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு கட்டை. அந்த வளைவுக்குள்ளேதான் குளிப்பது, துவைப்பது, தண்ணீர் மொள்ளுவது எல்லாம்.

கட்டையின் தலை எப்போதும் திடமாகத்தான் இருக்கும். சேறும் தண்ணீரும் சேருகிற இடத்தில்தான் மரம் உக்கும், இற்றுப்போகும். கண்ணால் பார்த்தால் தெரியாது, கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆகவே குளித்துக் கரையேறும் எவரும் இரண்டு மூன்று கட்டைகளையாவது தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். ஏதாவது ஆடினால் அதில் மூன்று தட்டுத் தட்டி, அது எந்த வீட்டுக் கட்டையோ அந்த வீட்டின் பெயரைச் சொல்லிக் கூவ வேண்டும். அந்த வீட்டுக்காரன் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடிவந்து புதுக் கட்டை நட வேண்டும்.

அடுத்தவன் கட்டையை வேறு எவரும் தொட்டுத் திருத்தக் கூடாது. ஒரு காலத்தில் யாரோ ஒருவன் இரக்கப்பட்டு ஒரு கட்டையைக் கயிற்றால் கட்டி வைத்தான். வீட்டுக்காரன் அதை நல்ல கட்டை என்று நம்பி விட்டுவிட்டான், ஒரு பிள்ளை போயிற்று. அன்றிலிருந்து, தொடாதே, கூவு என்பதுதான் அந்த ஊரின் சட்டம்.

அந்த ஊரில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து வேலிக்காரர்கள். நாவலடி வீட்டுச் சாமித்தம்பி, புளியடி வீட்டுக் கணவதி. வாயைத் திறந்தால் 'மச்சான்' என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் சாமித்தம்பியின் கிழங்குத் தோட்டத்தில் பன்றி புகுந்தது. அவனுடைய நாய் பாய்ந்து பன்றியின் காதைப் பிடித்துக்கொண்டது. கணவதி வேலியைத் தாண்டி வந்து ஈட்டியால் குத்தினான். பன்றி செத்தது. அதன் கோரைப்பல் வயிற்றில் ஏறி நாயும் செத்தது.

எவன் நாய் பிடித்ததோ அவனுக்குப் பன்றியின் பின்தொடை போக வேண்டும். அதுதான் வழக்கம். அன்றைக்குக் கணவதி வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவன் முன்னங்காலை மட்டும் அனுப்பி, "மச்சான் கோவிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டான். மச்சான் கோபித்தான். இறைச்சிக்காக அல்ல. அந்த நாயை அவன் குட்டியிலிருந்து வளர்த்தவன், அதைத் தன் கையால் புதைத்துவிட்டு வந்த கையோடு அந்த முன்னங்காலைப் பார்த்தான். நெஞ்சு கசந்துபோயிற்று. அன்றோடு பேச்சு நின்றது.

ஒரு மாதம் போனது. ஒரு விடியற்காலையில் சாமித்தம்பி குளித்து ஏறும்போது கையை வைத்தான். புளியடி வீட்டுக் கட்டை ஆடியது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினான். நாயின் நினைவு வந்தது. 'அவன் கட்டை, அவனே பார்க்கட்டும்' என்று கையை இறக்கிக்கொண்டான்.

மூன்று நாள் கழித்து மறுபடி தொட்டான். கட்டை இன்னும் சாய்ந்தது. 'ஊரில் இத்தனை பேர் குளிக்கிறார்கள், ஒருத்தன் கூவமாட்டானா?' என்று ஏறிவிட்டான். ஊராரோ புளியடி வீட்டுக் கட்டையைத் தள்ளிப் பார்ப்பதில்லை. கணவதி கெட்டிக்காரன், அவன் கட்டை உக்காது என்ற எண்ணம்.

மூன்றாம் முறை அடைப்புக்கு வெளியே, அந்தக் கட்டைக்கு நேராக, கரைச் சேற்றில் வால் இழுபட்ட தடத்தைக் கண்டான். முதலை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. கண்டவன் என்ன செய்தான் தெரியுமா? வீட்டுக்கு ஓடினான். ஓடிப்போய்த் தன் பெண்சாதி கண்ணாத்தையிடம் மட்டும் சொன்னான்.

"புள்ள, இனி ஆத்துக்குப் போகாத. பனங்காட்டுக்கு அங்கால மேட்டுக் கிணறு இருக்கு, அங்க போ."

"என்னத்துக்கு? அவ்வளவு தூரம் குடத்தோட நான் நடக்கவா?"

"ஆத்துத் தண்ணி கலங்கிக் கிடக்கு."

"மழையே இல்ல, தண்ணி எப்படிக் கலங்கும்?"

"சொன்னதக் கேளு புள்ள."

உண்மையைச் சொன்னால் அவள் அந்த நிமிடமே துறைக்கு ஓடிக் கூவிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் அப்படிப்பட்டவள். அதனால்தான் சொல்லவில்லை. தன் வீடு தப்பிவிட்டது, மற்றது என்ன ஆனாலும் கணவதி தலையில் விழும் என்று எண்ணிக்கொண்டான். எனக்கு அவன்மேல் ஆத்திரம் வருகிற இடம் இதுதான்.

கண்ணாத்தை முதல் நாள் மேட்டுக் கிணற்றுக்குப் போனாள். இரண்டாம் நாளும் போனாள். மூன்றாம் நாள் பனங்காட்டு வழியில் யானைகள் நின்றன. பனம்பழம் விழுகிற காலம், வருசா வருசம் வருகிற யானைகள்தான். அவை பிளிறியதைச் சாமித்தம்பியும் தன் தோட்டத்தில் நின்று கேட்டான். யானை வந்துவிட்டது என்று நினைத்தானே தவிர, யானை நின்றால் பெண்சாதி எந்த வழியாகப் போவாள் என்று நினைக்கவில்லை.

அவள் திரும்பித் துறைக்குப் போனாள். பிறந்த நாளிலிருந்து குளித்த துறை, பயப்பட என்ன இருக்கிறது?

ஊருக்கு ஒரே ஒரு அலறல்தான் கேட்டது. ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவளுடைய குடம் அடைப்புக்குள் மிதந்துகொண்டிருந்தது. புளியடி வீட்டுக் கட்டை அடியில் ஒடிந்து, வெளியே ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.

மூன்று நாள் தேடினார்கள், எரிப்பதற்குக்கூட எதுவும் கிடைக்கவில்லை.

நாலாம் நாள் ஊர் கூடியது. ஊர்த்தலைவரான வன்னியனார் நடுவில் இருந்தார். கணவதி ஓடிவந்து சாமித்தம்பியின் காலில் விழுந்தான்.

"மச்சான், என்ட கட்டைதான் அவளக் கொன்னது. பாக்காம விட்ட பாவி நான். என்னக் கொல்லு மச்சான்."

ஊரே அழுதது. சாமித்தம்பியின் தோளைப் பிடித்து ஆறுதல் சொல்லாதவர் இல்லை.

வன்னியனார் எழுந்தார். "எவன்ட கட்டையால முதலை வந்ததோ, அவன் குடும்பத்தோட ஊர விட்டுப் போகணும். ஆனா அந்தக் கட்டை ஆடினத எவனாவது கண்டிட்டுக் கூவாம இருந்தா, கட்டைக்காரன் இருப்பான், கண்டவன் போவான். இது எல்லாருக்கும் தெரியும். கண்டவன் இருக்கானா?"

சாமித்தம்பி நிலத்தைப் பார்த்தான்.

"கண்டவன் இருக்கானா?"

சாமித்தம்பி தன் கையைப் பார்த்தான்.

"கண்டவன் இருக்கானா?"

அவனுடைய வாய் திறந்தது. 'எல்லாம் போன பிறகு ஊரும் போகவா?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. வாய் மூடிக்கொண்டது. துக்கத்தில் விம்முகிறான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அன்று மாலைக்குள் கணவதி புறப்பட்டான். பெண்சாதி தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு சட்டி. இரண்டு சின்னப் பிள்ளைகள். போவதற்கு முன் அவன் காட்டோரத்தில் நல்ல பாலை மரமாகப் பார்த்து ஒன்றை வெட்டிச் செதுக்கித் தோளில் சுமந்துவந்து, சாமித்தம்பியின் வாசலில் போட்டான்.

"இத என்ட இடத்தில நட்டுடு மச்சான். அந்த இடம் திறந்து கிடக்கக் கூடாது. உன்னத் தவிர யார நான் கேக்க?"

சொல்லிவிட்டு யானைத் தடத்தில் இறங்கி நடந்தான். இளைய பிள்ளை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

இரண்டு மாதம் கழித்துத் தேன் எடுக்கப் போனவர்கள் காட்டு நடுவில் யானை மிதித்த குடிசை ஒன்றைக் கண்டார்கள். உடைந்த சட்டியும் ஒரு சின்ன வளையலும் கிடந்தனவாம். ஆள் யாரையும் காணவில்லை. அதை ஊரில் சொன்னபோது சாமித்தம்பியும் கேட்டுக்கொண்டு நின்றான்.

புளியடி வீட்டுக் கட்டையை அவன் நட்டிருந்தான். தினமும் அதைத் தள்ளிப் பார்த்தான். ஒரு வருசம் போனது, ஆடவில்லை. இன்னொரு வருசம் போனது, ஆடவில்லை. மூன்றாம் வருசம் ஒரு விடியற்காலை அவன் கையை வைத்தபோது கட்டை ஆடியது.

அவன் மூன்று தட்டுத் தட்டினான். "புளியடி வீடு!" என்று தொண்டை கிழியக் கூவினான். கூவிவிட்டுக் காது கொடுத்து நின்றான். யார் வருவார்? புளியடியில் வீடு விழுந்து புதர் மூடிக் கிடந்தது.

புதுக் கட்டை நட்டான். மறுநாளும் வந்து தட்டிக் கூவினான். அதற்கு அடுத்த நாளும் கூவினான். கட்டை ஆடாத நாளிலும் கூவினான். பெண்சாதியை இழந்த துக்கத்தில் பாவம் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரார் இரக்கப்பட்டு அவனுக்குச் சோறு கொடுத்தார்கள். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டு அவன் கிழவனாகும் வரை இருந்தான், கூவிக்கொண்டே இருந்தான். சாகும்வரை அந்தக் கூவலுக்குப் பதில் வரவில்லை.

கதை இவ்வளவுதான். எழுந்து போகுமுன் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வருகிற ஆபத்தைக் கண்டும் பகையை நினைத்து வாயை மூடிக்கொள்ளுகிறவன்தான் அந்த ஆபத்தை ஊருக்குள் விடுகிறவன்.