மந்தியின் குட்டிக் கேமரா

மூங்கில்பாறைக் குளத்தங்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. அதற்குக் கத்துவதுதான் வேலை. புலியோ சிறுத்தையோ கண்ணில் பட்டால் போதும், ஓயாமல் கத்தும். வந்த மிருகம் திரும்பிப் போகும்வரை நிறுத்தாது. அந்தச் சத்தம் கேட்டதும் மான்கள் தண்ணீரை விட்டுவிட்டு ஓடிவிடும். குருவி அடங்கிய பிறகுதான் திரும்பி வரும்.

அந்தக் குளத்துக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. கோடையில் அந்தக் காட்டில் வேறெங்கும் தண்ணீர் கிடையாது. எல்லாரும் அங்கேதான் வந்தாக வேண்டும். அதனால் எந்த இனமானாலும் சரி, குட்டி வந்தால் யாரும் விரட்டக்கூடாது, யாரும் ஓடவும் கூடாது. முதல் வாய்த் தண்ணீர் குட்டிக்குத்தான். நல்ல கட்டுப்பாடு. ஏமாறுகிறவர்கள் இப்படி நல்லதை நம்பித்தானே ஏமாறுகிறார்கள்!

ஒரு பங்குனி மாதம் சுற்றுலாக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். ஒருவர் கழுத்தில் பெரிய கேமரா தொங்கியது. அதன் பாரத்தில் மனிதர் கூனிப் போயிருந்தார். லென்ஸைக் கழற்றுவார், மாட்டுவார், துடைப்பார். அதற்குள் மயில் போய்விடும். பக்கத்தில் இருந்த அம்மாள் பையிலிருந்து உள்ளங்கை அளவு ஒன்றை எடுத்தார். 'டிக்!' வேலை முடிந்தது.

"என் குட்டி கேமரா எவ்வளவு சமத்து பாருங்க!" என்று அதற்கு ஒரு முத்தமும் கொடுத்தார்.

பிறகு அதைச் சீட்டில் வைத்துவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். மரத்தில் இருந்த மந்தி குதித்தது. முறுக்கை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியது! ஒரு குரங்கு முறுக்கை விட்டது என்றால் அந்தச் சாமான் எவ்வளவு அழகாக இருந்திருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

அழகுதான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பெல்லாம் வழவழப்பு. பொத்தானை அமுக்கினால் நத்தை தலை நீட்டுவது மாதிரி மூக்கு வெளியே வரும். இன்னொரு தரம் அமுக்கினால் உள்ளே போய்விடும். எல்லாவற்றையும்விட, அது மந்தியின் கன்னத்துக்குள் அடங்கியது! கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் கை இரண்டும் சும்மா இருக்கும். கிளைக்குக் கிளை தாவலாம், வேண்டும்போது துப்பிப் படம் பிடிக்கலாம்.

மந்தி முதலில் யானையைப் படம் பிடித்துக் காட்டியது. காடே கூடிவிட்டது.

"அடேயப்பா! யானை அண்ணன் நெல்லிக்காய் அளவுக்கு ஆயிட்டாரே!"

"தும்பிக்கையைப் பாரேன், புழு மாதிரி! கொஞ்சணும்போல இருக்கு!"

யானைக்கு வெட்கம் வந்தது. பிறந்ததிலிருந்து அதை யாரும் கொஞ்சியதில்லை. "இன்னொரு தரம் பிடி, மந்தி! இன்னும் சின்னதா வருமா?" என்று கேட்டது. அன்றிலிருந்து காதை மடித்துக்கொண்டு, காலை ஒடுக்கிக்கொண்டுதான் நடந்தது.

அப்புறம் என்ன, காட்டில் எல்லாருக்கும் குட்டி மோகம் பிடித்துக்கொண்டது. எதைப் பார்த்தாலும் "குட்டியா இருந்தா நல்லா இருக்குமே!" என்ற பேச்சுதான். பெருச்சாளி தன் வளையின் பின்வாசலை மண் போட்டு அடைத்தது. "ஒரு வாசல் போதும். இப்பத்தான் கச்சிதமா இருக்கு!" என்றது. மறுநாளே பாம்பு வந்தது. பாம்புக்கும் ஒரு வாசல் போதுமே! பெருச்சாளியைக் காணோமே என்று ஒருவர்கூடத் தேடவில்லை. எல்லாரும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஆள்காட்டியிடம் வந்தார்கள்.

"ஏண்டி, நீ கத்துறது ரொம்ப நீளம்! காது வலிக்குது!" என்றது மந்தி.

"ஆபத்து போறவரைக்கும் கத்தினால்தானே ஓடுறவங்க ஓட முடியும்?"

"குட்டியா ஒரு தரம் கத்து, போதும். மத்ததை நான் படம் பிடிச்சுக் காட்டுறேன். பார்த்தாலே தெரிஞ்சுடுமே!"

"அதானே!" என்றது யானை. மான்களும் தலையாட்டின. ஆள்காட்டி ஒற்றை ஆள். எத்தனை பேரோடு சண்டை போடும்? சரி என்றது.

சித்திரை பிறந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. மான் கூட்டத்தில் ஒரு தாய்மான் தன் முதல் பிள்ளையோடு குளத்துக்கு வந்தது. பிள்ளைக்குப் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தாய்க்குப் பால் வற்றிவிட்டது. தண்ணீர் குடித்தால்தான் பால் ஊறும், பால் ஊறினால்தான் பிள்ளை பிழைக்கும். அது தண்ணீரில் வாய் வைக்கப் போன நேரத்தில் ஆள்காட்டி கத்தியது.

"சிறுத்தை!"

ஒரே ஒரு தரம். மான்கள் நிமிர்ந்தன. ஓடினால் வெயிலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ! யாருக்கும் ஓட மனம் வரவில்லை.

"இருங்க, இருங்க! பார்த்துட்டு வந்துடறேன்!" என்று மந்தி மரத்தில் ஏறியது. தூரத்தில், பாறை நிழலில், புதிதாக வந்த சிறுத்தை ஒன்று படுத்திருந்தது. மந்தி கன்னத்திலிருந்து கேமராவை எடுத்தது. 'டிக்!' இறங்கி வந்து காட்டியது.

படத்தில் ஒரு பாறை. பாறை ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மஞ்சளாய் ஒன்று.

"அட, குட்டிச் சிறுத்தை!" என்றது மந்தி.

"என்னது, சிறுத்தைக் குட்டியா?" என்றது தாய்மான். அதன் குரலில் அவ்வளவு ஆறுதல்!

"ஆமா, குட்டிதான்! எவ்வளவு அழகு பாரேன்!"

ஆள்காட்டி பறந்து வந்து நடுவில் விழுந்தது. "ஐயோ, அது குட்டி இல்லை! முழுச் சிறுத்தை! தூரத்துல இருக்கிறதால சின்னதா தெரியுது! இதே டப்பாவுல யானை அண்ணன் நெல்லிக்காய் மாதிரி இருந்தாரே, மறந்துட்டீங்களா?"

மந்திக்குக் கோபம் வந்தது. "யானை நம்ம ஆளு. அவர் எவ்வளவு பெரியவர்னு நமக்கே தெரியும். இது புதுசு. புதுசைப் படத்துல எப்படி இருக்கோ அப்படித்தானே எடுத்துக்கணும்?"

"சரியா சொன்னே!" என்றது யானை. இந்தப் பேச்சில் என்ன சரி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தாகத்தில் இருக்கிறவனுக்கு ஓட வேண்டாம் என்று யார் சொன்னாலும் அது சரியாகத்தான் படும்.

"அக்கா! உன் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஓடிப் போயிடு!" என்று ஆள்காட்டி தாய்மானைப் பார்த்துக் கெஞ்சியது.

"சும்மா இருடி," என்றது தாய்மான். "பெத்தவ எங்கே போனாளோ, பாவம். அதுவும் என் பிள்ளை மாதிரி தாகத்துல கிடக்கு. குட்டி வந்தா ஓடக்கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கு இல்லையா? வரட்டும். முதல் வாய் குடிச்சுட்டுப் போகட்டும்."

அது கரையில் கொஞ்சம் இடம் ஒதுக்கிவிட்டது. பிள்ளையையும் நகர்த்தி நிறுத்தியது. "ராசா, பயப்படாதே. உன் வயசுப் பிள்ளைதான் வருது," என்றது.

கொஞ்ச நேரத்தில் கரையோரக் கோரைப்புல் அசைந்தது. புல்லுக்கு மேலே இரண்டு காது நுனி மட்டும் தெரிந்தது. ஆள்காட்டியால் பொறுக்க முடியவில்லை. பேசிய பேச்சை எல்லாம் காற்றில் விட்டுவிட்டுப் பழையபடி தொண்டை கிழியக் கத்தியது.

"வாயை மூடு! சின்னப் பிள்ளையைப் பயமுறுத்தாதே!" என்று எல்லாரும் அதை அதட்டினார்கள். மந்தி ஒரு கல்லை எடுத்து எறிந்தது. ஆள்காட்டியின் இறக்கையில் பட்டது.

கோரைப்புல் விலகியது. அதற்குப் பிறகு நடந்தது ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். தாய்மான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. புல்லுக்கு நடுவே ஒரு பாதை மட்டும் மடிந்து கிடந்தது.

மான்கள் ஓடின. யானை பிளிறிக்கொண்டு காட்டுக்குள் போனது. தாய்மான் மட்டும் அந்தப் பாதை முடிகிற இடம்வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. அங்கே என்ன பார்த்தது என்று அது யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் எல்லாரும் மறுபடி குளத்துக்கு வந்தார்கள். வராமல் எங்கே போவது? கரையில் ரத்தம் காய்ந்திருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மந்திக்குத்தான் ஒரே சங்கடம். எல்லாரும் தன்னைத் திட்டிவிடுவார்களோ என்று பயம். கன்னத்திலிருந்து கேமராவை எடுத்தது. கரையைப் படம் பிடித்தது.

"பாருங்க, பாருங்க! அவ்வளவு ஒண்ணும் இல்லை. சின்னக் கறைதான்!"

ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். படத்தில் அது கடுகு அளவு இருந்தது.

"ஆமா, சின்னதுதான்," என்றது யானை. நிம்மதியாக மூச்சு விட்டது. மற்றவர்களுக்கும் மனம் லேசானது. வரிசையாகத் தண்ணீரில் வாய் வைத்தார்கள்.

மந்தி அதைத் தாய்மானிடமும் கொண்டுபோய் நீட்டியது. "நீயும் பாரு அக்கா, மனசு ஆறும்."

தாய்மான் பார்த்தது. ராத்திரி குடித்த தண்ணீரில் அதன் மடியில் அப்போதுதான் பால் ஊறி, கட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"சின்னதுதான்," என்றது. "என் பிள்ளையும் சின்னவன்தான். அவன்கிட்ட இருந்ததே அவ்வளவுதான்."

மந்தி கேமராவைக் கன்னத்துக்குள் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

ஆபத்தைச் சின்னதாக்கிப் பார்த்து அழகு என்று கொஞ்சுகிறவர்கள், அதன் முழு அளவைத் தங்கள் பிள்ளையைக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.